கை தூக்க வேண்டியவள்

கடலில் இறங்கும் நாளில் காலையில் நாசி லெமாக் சாப்பிடக் கூடாது, புவான். சம்பல் வயிற்றுக்குள் சும்மா இருக்காது. எங்கள் கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வோம். ஒருவரும் கேட்க மாட்டார்கள். பாதித் தூரம் போனதும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பார்கள். அடுத்த வாரம் வாழைப்பழத்தோடு வந்து நிற்பார்கள்.

நீங்கள் தமிழிலேயே பேசலாம் என்று சொன்னது நல்லதாய்ப் போயிற்று. மலாயில் என்றால் நடந்ததை மட்டும் சொல்லியிருப்பேன். தமிழில் காரணத்தையும் சொல்ல வரும்.

என் பெயர் காமினி. ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கிறேன். வட கடற்கரை நீச்சல் கிளப்பின் செயலாளர். போன பிப்ரவரியில் கடலில் இறந்துபோன சுஹானா நீச்சலில் என் ஜோடி. அது விபத்து என்று உங்கள் போலீஸ் ஆட்கள் எழுதி முடித்துவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. மரியாதையாக நடந்துகொண்டார்கள், தேத்தண்ணிகூட வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை கிளப் கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள். அது அநியாயம். அதற்காகத்தான் கடையை அடைத்துவிட்டு வந்தேன்.

கிளப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு விளங்காது.

அறுபதுகளின் கடைசியில் தொடங்கியது எங்கள் கிளப். யூசுப் என்று ஒருவர், டவுனில் மீ கோரேங் நூடுல்ஸ் வண்டி வைத்திருந்தார். அவரும் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய சிலரும், ஒரு செட்டியார் பெட்டியடியில் கணக்கெழுதிய ஒருவரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். குளம் வைத்த கிளப்புகள் ஊரில் இருந்தன. அங்கே நுழைய இவர்களுக்கு வசதியும் இல்லை, சிபாரிசும் இல்லை. கடலுக்குள் இறங்க யாரையும் கேட்க வேண்டாம் என்று தஞ்சோங் தோக்கோங் பக்கம் வந்து இறங்கிவிட்டார்கள். எதிரே தெரிகிற புலாவ் திக்குஸுக்குப் போய்த் திரும்புவதுதான் வருஷத்தின் பெரிய நீச்சல். புலாவ் திக்குஸ் என்றால் எல்லாரும் ஊருக்குள் அதே பெயரில் இருக்கிற பேட்டையையும் சந்தையையும் நினைப்பார்கள். நான் சொல்வது கடலுக்குள் இருக்கிற நிஜத் தீவை.

இரண்டாவது வருஷமே ஒருவரை இழந்தார்கள். ராகவன் என்று பெயர். மூட்டை தூக்கித் தூக்கித் தோள் இரண்டும் பாறை மாதிரி இருக்குமாம். தீவிலிருந்து திரும்பும்போது அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. படகைக் கூப்பிடக் கையைத் தூக்கினார். நீங்கள் நீந்துவீர்களோ என்னவோ, புவான். தண்ணீருக்குள் கைக்குக் கனமே தெரியாது. வெளியே தூக்கினால்தான் தெரியும். அந்தக் கை உங்களைக் கீழே அழுத்தும். கால் வேலை செய்தால் சமாளிக்கலாம். ராகவனுக்குக் கால் வேலை செய்யவில்லை. அவர் கையை ஆட்ட ஆட்ட உள்ளே போனார், படகு போய்ச் சேர்ந்தபோது ஆள் இல்லை.

யூசுப் மூன்று மாதம் யாரையும் கடலில் இறங்க விடவில்லையாம். பிறகு ஒரு முறை கொண்டுவந்தார். கிராம்ப் பிடித்தவர் கையைத் தூக்கவே கூடாது. மல்லாந்து படுத்துவிட வேண்டும். காது தண்ணீருக்குள், கண் வானத்தில், உடம்பில் முறுக்கு இல்லாமல். அவருக்காக அவருடைய ஜோடி கை தூக்குவார். ஒருவருக்கு ஒரு ஜோடி உண்டு, ஜோடி இல்லாமல் யாரும் கடலில் கால் வைக்கக் கூடாது. படகுக்காரர் நீந்துகிறவர்களைச் சுற்றிச் சுற்றி வருவார். விசில் ஒரு தடவை ஊதினால், நலமா என்று கேட்கிறார். நலம் என்றால் ஜோடியில் ஒருவர் உள்ளங்கையைத் தலைமேல் வைக்க வேண்டும். நலம் இல்லை என்றால் கையை நேராக மேலே தூக்க வேண்டும். இவ்வளவுதான் எங்கள் முறை. ராகவனுக்குப் பிறகு, போன பிப்ரவரி வரைக்கும், கடல் எங்களிடமிருந்து ஒருவரையும் எடுத்துக்கொள்ளவில்லை. வேறு எந்தக் கிளப்பாவது அப்படிச் சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியாது.

ஜோடியை நாங்களாகத் தேர்ந்தெடுப்பதில்லை. கடல் ஓய்ந்திருக்கும் ஒரு காலையில் புதியவர்களை இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக மல்லாந்து மிதக்கச் சொல்வோம். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கைகாலை அசைக்கக் கூடாது. கரையில் யாராவது ஒரு பழைய பாட்டை முழுசாகப் பாடுவார்கள். பாட்டு முடியும்போது யார் தலை யார் தலைக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அவர்கள் ஜோடி. ஆண்கள் ஒரு நாள், பெண்கள் ஒரு நாள். மற்றபடி யார் வீட்டுப் பிள்ளை, என்ன சாதி, கோயிலா பள்ளிவாசலா என்று பார்ப்பது கிடையாது. ஒருவர் ஊரைவிட்டுப் போனாலோ இறந்துவிட்டாலோ, மிச்சமிருக்கிறவர் அடுத்த முறை புதியவர்களோடு படுத்து மறுபடி மிதக்க வேண்டும்.

எனக்கும் சுஹானாவுக்கும் அப்போது பதின்மூன்று வயது. அவளுடைய வாப்பாவுக்குச் சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை இருந்தது. என் அப்பா எங்கும் நிலையாக வேலை பார்த்தவர் இல்லை. கரையில் வரிசையில் நிற்கும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, “ஏய், ஒன் தொப்பி கோழிக் கொண்ட மாதிரியே இருக்கு லா” என்று சொல்லிச் சிரித்தாள். பள்ளிக்கூடத்திலும் சிரிப்பார்கள், ஆனால் அது வேறு சிரிப்பு. இவள் சிரித்துவிட்டுத் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டு என்னுடையதை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது நான் ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்த்தேன். அவள் வேறு யாரோ ஒரு பெண் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். இடது கையைத் தண்ணீருக்கு அடியில் மெதுவாக அசைத்தேன். கடலுக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு முடிந்தபோது என் தலை அவள் தலையில் இடித்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் நாங்கள் இரண்டு பேர்தான். மழை, புகைமூட்டம், பரீட்சை எதுவும் எங்களை நிறுத்தவில்லை. நோன்பு மாதத்தில் மட்டும் அவள் கரையில் உட்கார்ந்திருப்பாள், ஜோடி இல்லாததால் நானும் உட்கார்ந்திருப்பேன். அவளுக்கு முஸ்லிம் பெண்கள் போடுகிற, உடம்பு முழுக்க மூடுகிற நீச்சல் உடை வேண்டும். கடையில் கிடைக்காத காலம் அது. நான் தையல் படித்ததே அதற்காகத்தான் என்று சொன்னால் நம்புவீர்களா? முதல் உடை தண்ணீரில் பலூன் மாதிரி ஊதிக்கொண்டது. “பாராசூட் தச்சிருக்கா என் ஜோடி, கடல்ல குதிக்கறதுக்கு” என்று கிளப் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். இரண்டாவது உடை மீன் தோல் மாதிரி ஒட்டி வந்தது. அதிலிருந்து அவளுக்கு வேறு யாரும் தைத்ததில்லை. அவளுடைய கழுத்து, கை, கணுக்கால் எல்லா அளவும் எனக்கு மனப்பாடம்.

எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. நல்ல இடம், அக்கரையில் பாகான் டாலாமில். அங்கே வாழப் போனால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இந்தப் பக்கம் வர முடியாது. வேண்டாம் என்றுவிட்டேன். சுஹானாவிடம் காரணத்தைச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவளுக்கு ஹைக்கலோடு கல்யாணமானது. எனக்கு அதில் வருத்தம் இல்லை, புவான், நிஜமாகவே இல்லை. ஹைக்கல் தங்கமான மனிதர். வாரத்தில் ஆறு நாளை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக் காலையை எனக்கு விட்டுவிட்டார். அவர்கள் மகள் இஸ்ஸதி பிறந்தபோது சுஹானாவை அடுத்து குழந்தையைக் கையில் வாங்கியது நான்தான்.

இந்த முப்பது வருஷத்தில் சுஹானாவுக்கு நடுக்கடலில் நாலைந்து தடவை கிராம்ப் பிடித்திருக்கிறது. அவளுக்குக் கெண்டைக்கால் கொஞ்சம் நோஞ்சான். ஒவ்வொரு தடவையும் அவள் மல்லாந்து படுத்துவிடுவாள், நான் கை தூக்குவேன், படகு வரும். ஒரு தடவை படுத்துக்கொண்டு கொட்டாவி விட்டாள். அவ்வளவு நம்பிக்கை.

போன டிசம்பரில் ஒரு ஞாயிறு, நீந்தி முடித்து சந்தைக்குப் பக்கத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம்.

“ஜோடி, ஒன்னு சொல்றேன். மூஞ்சத் தூக்கி வச்சுக்காத.”

“சொல்லு.”

“ஹைக்கலுக்குப் பெர்த்ல வேல கெடச்சிருச்சு. மார்ச்ல எல்லாரும் கெளம்பறோம்.”

“எத்தன வருஷத்துக்கு?”

“அங்கேயே இருந்துர்ற மாதிரிதான் லா. இஸ்ஸதி படிப்பு இருக்குல்ல. இனிமே இங்க வந்தாலும் விருந்தாளிதான்.”

நல்ல விஷயம்தானே என்றேன். ரொட்டியைக் கோப்பியில் நனைத்துத் தின்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஐயோ, அழுவன்னு நெனச்சு டிஷ்யூல்லாம் எடுத்து வச்சேன். நீ என்னா கல்லு மாதிரி உக்காந்திருக்க?”

“அழுதா போகாம இருந்துருவியா?”

“அடிப் போடி. நீ மறுபடி மெதக்கணும்ல, அதான் கவல எனக்கு. சின்னப் புள்ளைங்களோட இந்தக் கெழவியும் படுத்துக் கெடக்கப் போவுது.” மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “அங்கயும் கடல் இருக்கு. க்ளப்புகூடப் பாத்து வச்சிட்டேன். வாட்ஸாப் குரூப்ல சேத்துட்டாங்க. ரொம்ப நல்லவங்க” என்றாள்.

வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எங்கள் ஃப்ளாட்டில் சுவர் மெல்லிசு. எனக்கு அவளைத் தவிர யாரும் இல்லை என்று அவளுக்குத் தெரியும், புவான். தெரிந்துகொண்டுதான் புதுக் கிளப்பைப் பார்த்து வைத்திருக்கிறாள். அவள் பெர்த் போவதைத் தாங்கிக்கொண்டிருப்பேன். அந்த வாட்ஸாப் குரூப்பைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரமே ஒரு மிதவை வாங்கிக்கொண்டு வந்தாள். ஆரஞ்சு நிறத்தில் தலையணை மாதிரி இருக்கும். இடுப்பில் கயிற்றால் கட்டிக்கொண்டால் பின்னாலேயே மிதந்து வரும். களைத்தால் பிடித்துக்கொள்ளலாம். “அங்க ஜோடியெல்லாம் கெடயாதாம் லா. ஆளுக்கு ஒன்னக் கட்டிக்கிட்டு அவங்கவங்க பாட்டுக்குப் போவாங்களாம். யாருக்காகவும் யாரும் காத்துக்கிட்டு நிக்க வேண்டாம்.” இதை என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்கு அது வெறும் செய்தி.

எங்கள் தலைவர் குமரப்பன் அண்ணனுக்கு அந்த மிதவை ரொம்பப் பிடித்துப்போயிற்று. கமிட்டியில் எடுத்துக் காட்டினார். இனி எல்லாரும் இதைக் கட்டலாம், ஜோடி கிடைக்காமல் கரையில் உட்கார்ந்திருக்கிறவர்களும் நீந்தலாம் என்றார். நான் எழுந்து, ஜோடி முறையில் இதுவரை என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டேன். தீவு நீச்சல் முடிந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்கள்.

போகிறவளுக்கு ஒரு பரிசு கொடுக்க வேண்டும் அல்லவா? புது உடை தைத்தேன். கருநீலம், கையோரத்தில் வெள்ளைப் பட்டை. அளவு எடுக்கக் கூப்பிடவில்லை, பழைய அளவிலேயே தைத்தேன். பிள்ளை பெற்ற பிறகு அவள் கொஞ்சம் பூசியிருந்தாள், எனக்குத் தெரியும். ஆனாலும் என் கைக்குப் பழைய அளவுதான் வந்தது.

தீவு நீச்சல் அன்று கரையில் அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். “அழகா இருக்கு லா. ஆனா கெண்டக்கால்ல புடிக்குது.”

“தண்ணிக்குள்ள போனா தளர்ந்துரும்” என்றேன்.

இடுப்பில் அந்த ஆரஞ்சு மிதவையைக் கட்டப் போனாள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். “இன்னக்கி ஒரு நாள் வேணாமே. கடைசித் தடவ. நம்ம பழைய மாதிரியே போய்ட்டு வருவோம்.”

“ஆரம்பிச்சிட்டியா ஒன் சென்டிமென்ட்ட” என்றாள். ஆனால் கேட்டுக்கொண்டாள். போய் அதைத் தன் கெரேத்தாவின் டிக்கியில் போட்டுப் பூட்டிவிட்டு வந்தாள்.

நீங்கள் எழுதிக்கொள்வது தெரிகிறது. உடையை இறுக்கித் தைத்து, மிதவையைக் கழற்றச் சொல்லி, எல்லாம் திட்டம் போட்டுச் செய்தேன் என்று அதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றும். அப்படி இல்லை. அந்தக் காலையில் அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒன்றும் மிதக்கக் கூடாது என்று நினைத்தேன். வேறு எதுவும் என் மனசில் இல்லை.

நானும் அவளும் எப்போதும் வால் ஜோடி. பழக்கப்பட்டவர்கள் கடைசியில் வர வேண்டும், முன்னால் போகிறவர்களை ஒரு கண் பார்த்துக்கொண்டே. தீவுவரை நன்றாகப் போனோம். திரும்பும்போது அவளுக்குக் கிராம்ப் பிடித்தது. அவள் மல்லாந்து படுத்தாள். ஒரு பெரிய படகு வேகமாகப் போய் அலை கிளப்பிவிட்டது, அவள் தண்ணீர் குடித்துவிட்டாள், மூச்சு அடைத்தது. நான் கை தூக்கினேன். படகு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உங்கள் ஆட்களிடம் இப்படித்தான் சொன்னேன். இதில் பொய் ஒன்றும் இல்லை. நடுவில் கொஞ்சத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவளைக் குளிப்பாட்ட என்னை உள்ளே விடவில்லை. அவர்கள் மார்க்கம் அப்படி, நான் குறை சொல்லவில்லை. வெளியே வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்தக் கருநீல உடையைக் கத்தரித்துத்தான் கழற்றினார்கள் என்று பிறகு தெரிந்தது. ஹைக்கல் வந்து என் தோளைத் தொட்டு, “கடைசி வரைக்கும் கைய விடாம இருந்தீங்களே அக்கா. எனக்கு அது போதும்” என்று சொல்லி அழுதார். அந்த மனிதரை நான்தான் தேற்றினேன்.

அவர்கள் இப்போது பெர்த் போகவில்லை. ஹைக்கல் அந்த வேலையை வேண்டாம் என்று எழுதிவிட்டார். இஸ்ஸதி கடல் பக்கம் வர மறுக்கிறாள், கடற்கரைச் சாலையில் கெரேத்தா போனால்கூடக் கண்ணை மூடிக்கொள்கிறாளாம். வாரா வாரம் போய்ப் பார்க்கிறேன். பள்ளிக்கு பாஜு குரோங் சீருடை தைத்துக் கொடுத்தேன். தோள் அளவு அப்படியே அவள் அம்மாவுடையது.

இப்போது அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். குமரப்பன் அண்ணன் எழுந்து, ஜோடி முறையை இன்றோடு நிறுத்துகிறோம் என்றார். இனி மிதவை கட்டாதவர்கள் கடலில் இறங்கக் கூடாது. இந்த வருஷ மலரில் கிளப்பின் வரலாறு வரப்போகிறது. செயலாளர் என்கிற முறையில் நான்தான் எழுத வேண்டும். யூசுப் காலத்து முறை நல்ல எண்ணத்தில் வந்தது, ஆனால் பாதுகாப்பானது இல்லை, ஒரு அருமையான உறுப்பினரை இழந்துதான் அதைத் தெரிந்துகொண்டோம் என்று எழுதச் சொன்னார்.

நான் முடியாது என்றேன். அவர் என்னிடம் வந்து குனிந்து, “காமினி, ஒன்மேல ஒரு தப்பும் இல்லம்மா. நீ செய்ய வேண்டியத செஞ்ச. மொறதான் நம்மள கைவிட்டிருச்சு” என்றார்.

எவ்வளவு நல்ல மனிதர் பாருங்கள். ஆனால் தலைகீழாகச் சொல்கிறார். ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஒரு உயிரைக்கூட விடாமல் காப்பாற்றிய முறையின்மேல் பழியைப் போட்டு, அதை என் கையாலேயே எழுதச் சொல்கிறார். யூசுப் உயிரோடு இல்லை, அவருக்காகப் பேச யாருமில்லை. அந்தப் பொய்யை நான் எழுத மாட்டேன். முறையில் குறை இல்லை, புவான். முறைப்படி நடந்திருந்தால் சுஹானா இன்றைக்கு பெர்த்தில் இருப்பாள்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

கரை நன்றாகத் தெரிகிற தூரத்துக்கு வந்திருந்தோம். முன்னால் போனவர்கள் கரையை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். “புடிச்சிருச்சு லா, ரெண்டு காலும்” என்று சுஹானா கத்தினாள். இரண்டு காலும் பிடிப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. உடனே மல்லாந்து படுத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை வானத்தில் வைத்துக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தாடையை ஏந்திப் பிடித்திருக்க வேண்டும். கையைத்தான் பிடித்தேன்.

கொஞ்சம் பயப்படட்டும் என்று நினைத்தேன். ஒரு ஐந்து நிமிஷம். நான் இல்லாவிட்டால் கடல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பிறகு அவளே, போகவில்லை, இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று சொல்லக்கூடும். ஆற அமர யோசித்தால் இது பெரிய தப்பாகத் தெரியவில்லை. குழந்தையைப் பயம் காட்டுவது இல்லையா?

ஸுல்கிஃப்லி படகைத் திருப்பிக்கொண்டு எங்களைத் தேடி வந்தார். இருபது வருஷமாக எங்களுக்குப் படகு ஓட்டுகிறவர், கண் கூர்மை. எஞ்சினை நிறுத்திவிட்டு எழுந்து நின்று பார்த்தார். விசில் ஒரு தடவை ஊதினார்.

நான் உள்ளங்கையைத் தலைமேல் வைத்தேன்.

அவர் கையசைத்துவிட்டுப் படகைத் திருப்பினார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் வைத்த கையைப் பார்த்துத்தான் போனார், அதைத் தயவுசெய்து தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பெரிய படகு போனது. அலை வந்தது. நான் முறைப்படி கை தூக்கினேன். அப்போது ஸுல்கிஃப்லி கரைக்குப் பக்கத்தில் போயிருந்தார், திரும்பிப் பார்க்க நேரமாயிற்று.

விசிலுக்கும் அலைக்கும் நடுவில் ஒரு பத்து நிமிஷம் இருக்கும். காது தண்ணீருக்குள் இருந்தாலும் விசில் கேட்கும்.

“தூக்கிட்டியா லா?” என்று சுஹானா கேட்டாள்.

அவள் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, “தூக்கிட்டேன்” என்றேன்.

“பாங் ஸுல் வர்றாரா?”

“வந்துட்டே இருக்காரு. நீ பேசாத, நல்லா மூச்சு விடு.”

“சரி” என்றாள். பிடித்திருந்த கை தளர்ந்தது. முகத்தில் இருந்த பயம் எல்லாம் போய்விட்டது. படகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. தலையை ஒரு விரற்கடை தூக்கியிருந்தால் பார்த்திருப்பாள், கத்தியிருப்பாள், எப்படியாவது கரை சேர்ந்திருப்பாள். அவள் தூக்கவே இல்லை, புவான். கண்ணை மூடிக்கொண்டு, நான் சொன்னது போதும் என்று படுத்திருந்தாள். என்னை விட்டுப் போகிற எண்ணம் நிஜமாகவே இருக்கிற ஒருத்தி என்னை அப்படி நம்பியிருப்பாளா, நீங்களே சொல்லுங்கள்.